டிரிங்கோமலி போர்க்கப்பலை மேசை மேல் கட்டுவது எப்படி

பீரங்கியில் தொடங்காதீர்கள். பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரி செய்ய ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, பீரங்கி எங்கே கிடைக்கும், பாய்க்கு என்ன துணி என்பதைத்தான். அதெல்லாம் கடைசி வேலை. தொண்டியில் வத்தையும் வள்ளமும் கட்டிய ஓடாவிக் குடும்பம் எங்களுடையது. ஃபைபர் படகு வந்தபின் உளிக்கு வேலை குறைந்தது, நானும் மேசை மேல் கப்பல் கட்ட வந்துவிட்டேன். பெரிய படகானாலும் சின்ன மாதிரியானாலும் உடம்பின் ஓட்டம் சரியாக விழவேண்டும். ஓட்டம் கோணினால் மேலே எத்தனை நகாசு செய்தாலும் வீண். அதனால் பலகை ஒட்டுவது வரைக்குமான வேலையைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

எந்தக் கப்பல் என்று கேட்டால், நம் கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது டிரிங்கோமலி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருகோணமலைதான் பெயர். 1782-ல் அங்கே பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கடற்போரை வைத்து பிரிட்டிஷார் இட்டது. ஆனால் கட்டியது பம்பாயில், வாடியா குடும்பத்துப் பார்சிகள், மலபார்த் தேக்கில். வரைபடத்தை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பல் 1812-ல் அமெரிக்கர்களிடம் சிக்கி அழிந்துபோக, மறுபடி வரைபடம் வரவழைத்து 1816-ல் வேலை தொடங்கினார்கள். கப்பலின் முதுகெலும்பான ஏராவில் வெள்ளி ஆணி அடித்துச் சடங்கு செய்துதான் ஆரம்பித்தார்களாம். 1817 அக்டோபர் 12-ல் தண்ணீரில் இறக்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. தேக்கின் பெருமைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதில் முதலிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 1840-களில் இந்தக் கப்பலைத் திருத்தியபோது பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, சதுரமாக இருந்த பின்புறத்தை நீள்வட்டமாக மாற்றிவிட்டார்கள். இன்று கிடைக்கும் புகைப்படங்களில் இருப்பது அந்த மாறிய உருவம். 1817-ன் உருவம் வேண்டுமென்றால், இந்தக் கப்பல் சேர்ந்த லீடா வகைக் கப்பல்களின் பழைய வரைபடத்தைத்தான் நம்பவேண்டும். உடம்புக்கு ஒன்றையும் பின்பகுதியான அமரத்துக்கு இன்னொன்றையும் பார்த்துச் செய்த மாதிரிகள் நிறைய உண்டு, தெரிந்தவர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். முதல் முறை செய்கிறவர் இன்றைய உருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மூலையில் சந்தேகம் வந்தாலும் படம் கிடைக்கும். உள்கட்டு பார்க்க, 1824-ல் இறக்கிய யூனிகார்ன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் நிற்கிறது, அதுவும் இதே வகைதான்.

கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம், அகலம் ஏறக்குறைய 40 அடி. 64-ல் ஒரு பங்காகச் செய்தால் உடம்பு 71 சென்டிமீட்டர் நீளமும் 19 சென்டிமீட்டர் அகலமும் வரும். முன்முனையான அணியத்தில் நீட்டியிருக்கும் சாய்மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டர் தாண்டும். வீட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். 96-ல் ஒரு பங்கு என்றால் உடம்பு 48 சென்டிமீட்டரில் அடங்கிவிடும், ஆனால் கயிற்று வேலையில் கண் போய்விடும். நான் 64-ஐத்தான் சொல்வேன்.

வரைபடத்தின் பிரதியை கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் விலைக்கு வாங்கலாம். பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டு மூன்றும் அதில் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் அளவு மாற்றி எடுக்கும்போது நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்கில் ஒரு கோடு, இரண்டையும் ஸ்கேல் வைத்து அளங்கள். மெஷின் ஒரு பக்கம் இழுத்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினால்கூட மேலும் கீழும் பொருந்தாது.

இனி மரம். அசல் தேக்கு என்பதால் மாதிரியும் தேக்கில் என்று பலர் கிளம்புவார்கள். வேண்டாம். தேக்கின் ரேகை தடிமன். 64 மடங்கு சுருங்கிய கப்பலில் அந்த ரேகை ஒவ்வொன்றும் பெரிய வெடிப்பு மாதிரி தெரியும். அதில் எண்ணெய்ப் பசை வேறு உண்டு, தின்னர் தொட்டுத் துடைக்காமல் ஃபெவிகால் பிடிக்காது. தேக்கைப் பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பலகைக்கு மஞ்சக்கடம்பு நல்லது. நெருக்கமான ரேகை, இழைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். அதற்கு உள்ளே முதல் அடுக்காக ஒட்டும் அடிப்பலகைக்குப் பூவரசு போதும். கப்பி, பீரங்கி வண்டி, கயிறு கோக்கும் வட்டக்கட்டை மாதிரிச் சில்லறைக்கெல்லாம் நம் மாவட்டத்தில் யாரும் மதிக்காத ஒரு மரம் இருக்கிறது: சீமைக்கருவேலம். கரி மூட்டம் போடத்தான் லாயக்கு என்று நினைக்கிறோம். காய்ந்த கட்டையின் வைரத்தை அறுத்துப் பாருங்கள், கருஞ்சிவப்பாக இரும்பு போல இருக்கும். காய்ந்தபின் அவ்வளவாகச் சுருங்காது, ஊதாது, அரை மில்லிமீட்டர் துளை போட்டாலும் விளிம்பு உதிராது. விறகுக்கடையில் நேரான துண்டாகப் பொறுக்கி எடுங்கள்.

பழைய வள்ளத்தின் பலகையும் நல்ல சரக்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையெங்கும் பழுது பார்ப்பார்கள், கழித்த துண்டு கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அதில் உப்பு ஊறியிருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் பசை விட்டுப்போகும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, நிழலில் காயவைத்த பிறகுதான் அறுக்கவேண்டும். உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்க்காமல் வாளை வைக்காதீர்கள்.

கூடு கட்ட 6 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்குங்கள். நீளவாக்கில் ஏராவோடு சேர்ந்த நடுப்பலகை ஒன்று. அதில் 4 சென்டிமீட்டருக்கு ஒரு காடி வெட்டி, கப்பலின் விலா எலும்பான வங்குக்குப் பதிலாகக் குறுக்குப் பலகைகளைச் செருகவேண்டும். அந்தக் காலத்து வரைபடக் கோடு வங்கின் வெளிவிளிம்பைக் காட்டும், பலகையின் தடிமன் அதில் சேராது. அசல் கப்பலில் மூன்று நான்கு அங்குலப் பலகை என்றால் நமக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வரும். நாமோ அடிப்பலகை 1.5, மேற்பலகை 0.6 என்று இரண்டு அடுக்கு ஒட்டப்போகிறோம். ஆகவே குறுக்குப் பலகையைச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். நடுப்பலகை நேராக இருக்கிறதா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள், பின்னால் திருத்தலாம் என்பது நடக்காது.

கூடு காய்ந்தபின் வருவதுதான் உயிரான வேலை. சீவிய மூங்கில் பட்டை ஒன்றை அணியத்திலிருந்து அமரம் வரை குறுக்குப் பலகைகளின் மேல் வளைத்துப் பிடியுங்கள். பட்டை எல்லாப் பலகையிலும் முழு விளிம்போடு படியவேண்டும். முன்னும் பின்னும் உள்ள பலகைகளில் ஒரு முனைதான் தொடும், அந்த முனையை அரத்தால் சாய்வாக எடுக்கவேண்டும். எங்காவது பட்டை தொடாமல் எழும்பி நின்றால் அங்கே சிறாய் ஒட்டி நிரப்புங்கள். பட்டையை ஒரு விரல் மேலே, ஒரு விரல் கீழே என்று நகர்த்தி இதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அப்புறம் விளக்கை ஒரு பக்கமாக வைத்து, பட்டையின் நிழல் உடையாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு வாரம் போனாலும் போகட்டும். இங்கே அவசரப்பட்டவர்கள் கடைசியில் மக்குப் பூசி மறைப்பதைத்தான் பார்க்கிறோம்.

பலகை ஒட்ட ஏற்ற காலம் பங்குனி முதல் ஆவணி வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊதிய மரத்தை ஒட்டினால் அடுத்த கோடையில் சுருங்கி இடைவெளி விடும். எத்தனை பலகை, என்ன அகலம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் தொடங்கவேண்டும். நடுவில் உள்ள குறுக்குப் பலகையில் ஏராவிலிருந்து மேல் வரை ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அளங்கள். 130 மில்லிமீட்டர் வந்தால் 5 மில்லிமீட்டர் பலகை 26 வேண்டும். அதே 26-ம் அணியத்தில் 91 மில்லிமீட்டருக்குள் அடங்கவேண்டும், அதாவது அங்கே ஒவ்வொன்றும் 3.5 ஆகச் சரியவேண்டும். பாதிக்குக் கீழே ஒருபோதும் சீவாதீர்கள், அந்த இடத்தில் இரண்டை ஒன்றாக்கி முடியுங்கள். பின்னால் விரிகிற இடத்தில் ஆப்பு வடிவத் துண்டு செருகவேண்டும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் கூடு முறுக்கிக்கொள்ளும். அணியத்து வளைவுக்குப் பலகையை வெந்நீரில் ஊறவைத்து, சூடான சால்டரிங் அயர்னின் தண்டில் மெல்ல வளைத்து, குண்டூசியால் பிடித்துக் காயவிட்டு, அதற்குப் பிறகு பசை போடுங்கள். ஆணி பித்தளையில்தான் இருக்கவேண்டும். இரும்பு ஆணி கடற்காற்றில் கறை விடும்.

மேல் அடுக்கு ஒட்டித் தேய்த்தபின் நீர்மட்டத்துக்குக் கீழே செம்புத் தகடு. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிடமிருந்து காக்க அந்தக் காலப் போர்க்கப்பல்களில் தகடு போர்த்தினார்கள். 4 அடி நீளம், 14 அங்குல அகலத் தகடு நம் அளவில் 19-க்கு 5.5 மில்லிமீட்டர். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒட்டும் செம்பு டேப் கிடைக்கும், 6 மில்லிமீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். ஆயிரத்துக்கு மேல் துண்டு வேண்டியிருக்கும். பின்னாலிருந்து முன்னே ஒட்டி வாருங்கள், முன் துண்டு பின் துண்டின் மேல் ஏறவேண்டும். கையுறை போடாமல் தொட்டால் விரல் ரேகை பச்சையாகப் பூத்துவிடும்.

தளத்துக்கு 4 மில்லிமீட்டர் பலகை. இடுக்கில் அடைக்கும் தார்க் கீல் தெரிய, ஒரு விளிம்பில் பென்சில் தேய்த்து ஒட்டினால் போதும். பலகைக்குப் பலகை கறுப்பு நூல் வைக்கிறவர்கள் உண்டு, எனக்கு அது கண்ணை உறுத்தும். வண்ணம் கறுப்பு உடல், பீரங்கி வாசல் வரிசையில் வெள்ளைப் பட்டை. பீரங்கியை லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்குங்கள். 1817 உருவம் செய்கிறவருக்குப் பீரங்கித் தளத்தில் மட்டும் 18 பவுண்டு குண்டு போடும் பீரங்கி 28 தேவை. ஒரே கையால் ஒரே நாளில் கடையச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

பாய்மரத்தையும், பாயைத் தொங்கவிடும் குறுக்குமரமான பருமலையும் சதுரக் குச்சியில் தொடங்கி, எட்டுப் பட்டை, பதினாறு பட்டை என்று இழைத்து உருட்டவேண்டும். நேரே வட்டமாக்கப் பார்த்தால் குச்சி நெளியும். கயிற்றுக்கு, என் தங்கச்சி மகன் ஒருநாள் கேட்டான்: “மாமா, வலைக்குப் போடுற தங்கூசியே போட்டா என்ன?” போடலாம், அந்த நைலான் நரம்பு ஆறு மாதத்தில் தொய்ந்து பளபளவென்று தொங்கும். கழற்றிவிட்டு மறுபடி கட்ட அவன் தயார் என்றால் எனக்குத் தடையில்லை. மங்கலான பாலியெஸ்டர் நூலை முறுக்கித் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்துங்கள். மரத்தை நிலையாகப் பிடிக்கும் கயிறு தார் பூசியது, அதற்குக் கறுப்பு நூல். ஆஞ்சான், தாமான் போல பாயை ஏற்றவும் இழுக்கவும் ஓடுகிற கயிற்றுக்கு வெளிர்பழுப்பு. பக்கக் கயிறுகளை வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றி ஏற்றினால்தான் மரம் சாயாது. அவற்றின் குறுக்கே மாலுமி ஏறும் படிக்கயிறு 6 மில்லிமீட்டருக்கு ஒன்று. கோடு போட்ட அட்டையைப் பின்னால் சொருகிக்கொண்டு கட்டுங்கள். இழுத்துக் கட்டவே கூடாது, பக்கக் கயிறு இடுப்பு ஒடுங்கியதுபோல் உள்வாங்கிவிடும்.

பாய் வேண்டாம் என்பது என் கட்சி. அத்தனை கயிற்று வேலையையும் மறைத்துவிட்டு, தூசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கண்ணாடிப் பெட்டி கட்டாயம். கடலைப் பார்த்த சன்னல் பக்கம் வைக்காதீர்கள், வெயிலும் உப்பும் சேர்ந்து நூலை நைத்துவிடும். பெட்டியை முழுக்க அடைத்தால் உள்ளே வியர்க்கும். பீடத்தின் அடியில் இரண்டு துளை போட்டு, கரப்பான் புகாமல் பித்தளை வலை ஒட்டுங்கள். செம்பு நாளாக ஆகக் கருக்கும், பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்புகள் பெயர்ந்து வரும்.