டிரஸ் பாலத்தில் நகரும் சுமை: செல்வாக்குக் கோடு வரையும் முறை

செல்வாக்குக் கோடு என்பது, ஓரலகுச் சுமை பாலத்தின்மீது நகரும்போது ஓர் உறுப்பிலுள்ள விசை எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் வரைபடம். 24 மீட்டர் நீளமும் 8 மீட்டர் உயரமும் நான்கு சம பேனல்களும் (அடுத்தடுத்த மூட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகள்) கொண்ட பிராட் டிரஸ் (மூலைவிட்டங்கள் பாலத்தின் நடுவை நோக்கிக் கீழே சரியும் சட்டகம்) ஒன்றில், இடமிருந்து இரண்டாம் பேனலின் மூலைவிட்ட உறுப்பை எடுத்துக்கொள்வோம். சுமை கீழ்த்தளத்தில் ஓடுகிறது. உறுப்பின் நீளம் 10 மீட்டர் என்பதால், பேனலின் வெட்டுவிசையை (பேனலை வெட்டினால் இடப்பக்கத் துண்டின்மீதுள்ள செங்குத்து விசைகளின் நிகரத்தொகை) 0.8ஆல், அதாவது 8/10ஆல், வகுத்தால் உறுப்புவிசை கிடைத்துவிடும்.

ஓரலகுச் சுமையை 6 மீட்டரிலுள்ள மூட்டில் வைத்தால் இடப்புறத் தாங்கியின் எதிர்விசை 0.75 ஆகும், பேனலை வெட்டும்போது சுமையும் இடப்பக்கத் துண்டிலேயே நிற்பதால், அதிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும் (தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது). வெட்டுவிசை −0.25, உறுப்பில் −0.3125, அதாவது அமுக்கம். 12 மீட்டர் மூட்டில் வைத்தால் 0.625 இழுவை. இவ்விரு புள்ளிகளையும் தாங்கிகளிலுள்ள பூஜ்ஜிய மதிப்புகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் போதும். பேனலுக்குள் நிற்கும் சுமையைத் தளவிட்டங்கள் இருபுற மூட்டுகளுக்கும் தூரத்திற்கேற்பப் பகிர்ந்துவிடுகின்றன.

3 மீட்டர் இடைவெளியில், இந்த டிரஸ்மீது தலா 100 கிலோநியூட்டன் இறக்கும் இரண்டு வாகன அச்சுகளை 12, 15 மீட்டர்களில் நிறுத்தி, அவ்விடங்களில் கோட்டின் மதிப்புகளை 100ஆல் பெருக்கிக் கூட்டினால் இழுவை 109.4 கிலோநியூட்டன், 3, 6 மீட்டர்களில் நிறுத்தினால் அமுக்கம் 46.9 கிலோநியூட்டன். பாலத்தின் சொந்த எடை தரும் இழுவை இந்த அமுக்கத்தை ஈடுசெய்யாவிட்டால், உறுப்பு வளைந்து நொடிக்காதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.