பழைய மோசின் ரைபிளில் உறைந்த கிரீஸை நீக்குவது எப்படி?

மெழுகுத்தாளைப் பிரித்த மறுகணமே கை, சட்டை, மேசை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு நிறப் பிசுக்கு. மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்தது போன்ற ஒரு வாடை. அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள் வாங்கும் எவரும் முதலில் சந்திப்பது இதைத்தான். அங்கே 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி உரிமம் உண்டு. அப்படிச் சேகரிக்கத் தொடங்கும் பலருக்கும் முதல் ரைபிளாக அமைவது சோவியத் நாட்டின் மோசின்-நாகன்ட் 91/30. ஒரு காலத்தில் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. அதையே எடுத்துக்காட்டாக வைத்து இந்தச் செய்முறையை எழுதுகிறேன். மற்ற ரகங்களுக்கு எங்கே மாறுபடுமோ அங்கே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்திய ஆயுதச் சட்டப்படி ராணுவ ரகத் தோட்டா சுடும் இத்தகைய ரைபிள்கள் சாதாரண உரிமத்தில் கைக்கு வராது. ஆனால் லேத், வைஸ், பேரிங், பழைய கைக்கருவிகள் என்று எதன்மேலும் துருத்தடுப்பு கிரீஸ் உறைந்திருந்தால் கீழே உலோகத்துக்குச் சொல்லியிருப்பவை அப்படியே பொருந்தும்.

அமெரிக்கர்கள் இந்த கிரீஸ் எல்லாவற்றையும் ‘காஸ்மோலின்’ என்றே அழைப்பார்கள். அது 1865-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஹௌட்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர். சோவியத் ஆயுதக் கிடங்குகள் பூசியது அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு. இரண்டுமே பெட்ரோலியத்தில் இருந்து எடுத்த மெழுகுப் பசைதான் என்பதால் நமக்கு வேலை ஒன்றே. பூசும்போது இளகலாக இருக்கும். ஆண்டுகள் போகப்போக அதிலுள்ள ஆவியாகும் பகுதி வெளியேறி, மீதி கெட்டியாகிவிடும். ஏறக்குறைய 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் அது உருகும். இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் சூடு, பிறகுதான் கரைப்பான். நேரே கரைப்பானில் இறங்குபவர்கள் டப்பா டப்பாவாகத் தீர்த்துவிட்டும் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

தேவையான பொருள்கள்

மினரல் ஸ்பிரிட் (நம் ஊர் பெயின்டர்கள் டர்பன்டைன் என்று வாங்குவது பெரும்பாலும் இதுதான்), நைட்ரைல் கையுறை, அச்சில்லாத சமையலறைக் காகிதம், பழைய பருத்தித் துணி, நைலான் பிரஷ், குழலுக்கும் தோட்டா அறைக்கும் (சுடும்போது தோட்டா இருக்கும், குழலின் பின்முனைப் பகுதி) ஏற்ற வெண்கல பிரஷ்கள், துப்புரவுக் கம்பி, பஞ்சுக் குச்சிகள், கறுப்பு நிறக் குப்பைப் பை, துப்பாக்கி எண்ணெய்.

எதை வாங்கக்கூடாது என்பது இதைவிட முக்கியம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும். கார் பிரேக் கிளீனர் வேகமாகக் கரைக்கும் என்று பலர் பரிந்துரைப்பார்கள். அது மரத்தின் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். அதில் குளோரின் சேர்ந்த ரகமும் உண்டு, அது சூடுபட்டால் நச்சு வாயு கிளம்பும். மினரல் ஸ்பிரிட்டும் தீப்பற்றக்கூடியதுதான். சுமார் 40 டிகிரியிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும் என்பதால் அதைச் சூடாக்கக்கூடாது, சூடான இரும்பின்மேல் ஊற்றவும் கூடாது. வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். கார் ஷெட்டில்தான் செய்ய வேண்டும் என்றால், கேஸ் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடர் அங்கே எரிந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் படி: காலியா என்று பார்ப்பது

எழுபது ஆண்டுகள் கிடங்கில் கிடந்த ரைபிளில் தோட்டா இருக்குமா என்று நினைக்கலாம். இருந்தாலும் பார்க்க வேண்டும். போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும், கைப்பிடியுள்ள உருளை) திறந்து, தோட்டா அறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கிரீஸ் அடைத்திருக்கும்போது கண்ணை நம்ப முடியாது. கீழே மேகசினின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடித்தட்டையும் திறந்து பாருங்கள். பிறகு விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னோக்கி இழுத்தால் அது முழுவதுமாக வெளியே வந்துவிடும்.

இரண்டாம் படி: பிரிப்பது

ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோசினில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை, வரிசை மட்டும் தவறக்கூடாது. குழலுக்குக் கீழே செருகியிருக்கும் துப்புரவுக் கம்பியைத் திருகிக் கழற்றுங்கள். அடுத்து, குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்கள். மரத்தில் பதிந்துள்ள தட்டையான ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு அவற்றை முன்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். மேல் மரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். கடைசியாக, மேகசினுக்கு முன்னால் கீழே ஒன்று, போல்ட் இருந்த இடத்துக்குப் பின்னால் மேலே ஒன்று என இரண்டு பெரிய திருகுகள். திருகின் வெட்டில் உறைந்திருக்கும் கிரீஸைச் சுரண்டிவிட்டு, சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் திருகுங்கள். வெட்டு சிதைந்த திருகு அந்த ரைபிளின் மதிப்பைக் குறைக்கும்.

பக்கவாட்டில் தெரியும் சிறு திருகுகளை விட்டுவிடலாம். அவற்றைக் கழற்றாமலே சுத்தம் செய்ய முடியும். குழல், போல்ட், மேகசின் அடித்தட்டு, தோளில் பதியும் மரக்கட்டையின் அடியிலுள்ள இரும்புத் தகடு ஆகியவற்றில் வரிசை எண்கள் இருக்கும். இரண்டு ரைபிள்களை ஒரே நாளில் பிரித்தால் இவை கலந்துவிடும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

மூன்றாம் படி: இரும்பு

இது எளிய பகுதி. குழலையும் சிறு பாகங்களையும் முதலில் காகிதத்தால் வழித்தெடுங்கள். வெளியே, ஒரு பெரிய வாளியின்மேல் வைத்துக் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். குழலுக்குள் புனல் வைத்துத் தோட்டா அறைப் பக்கத்தில் இருந்து ஊற்ற வேண்டும். இரும்பு சூடேறும் என்பதால் தடித்த கையுறை அவசியம். கிரீஸ் உருகி வழிந்துவிடும். வாளி நீர் ஆறியதும் அது மேலே ஆடையாகக் கட்டி நிற்கும், அப்படியே வழித்துவிடலாம். சமையலறைத் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். குழாய்க்குள் போய்க் குளிர்ந்ததும் மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும்.

சூடான இரும்பில் நீர் தானே உலர்ந்துவிடும். ஆனால் கிரீஸ் போன வெற்று இரும்பில் துரு மிக வேகமாக ஏறும். ஆகவே துடைத்து, முழுவதுமாக ஆறவிட்டு, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மிச்சத்தை எடுத்து, உடனே மெல்லிய எண்ணெய் பூசிவிடுங்கள். இந்த வேலைகளுக்கு இடையே சாப்பிடப் போகக்கூடாது.

சிறு திருகுகள், வளையங்கள், ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் மினரல் ஸ்பிரிட் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டால் போதும்.

நான்காம் படி: கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

பெரும்பாலான புதியவர்கள் மரத்தைப் பளபளப்பாக்குவதில் வாரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, இந்தப் படியை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது தலைகீழ். மரத்தில் கொஞ்சம் கிரீஸ் மிஞ்சினால் கை பிசுபிசுக்கும், அவ்வளவுதான். போல்ட்டுக்குள் மிஞ்சினால் ஆபத்து.

மோசின் போல்ட்டைக் கருவியின்றியே பெருமளவு பிரிக்கலாம். பின்னாலுள்ள குமிழைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் தளரும். முன்தலையும் அதை இணைக்கும் தண்டும் கழன்றுவிடும். பிறகு சுடும் ஊசியைத் திருகி எடுக்க வேண்டும். ஸ்பிரிங் இன்னும் அழுத்தத்தில்தான் இருக்கும், முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள். ஊசியின் பின்முனையில் உள்ள கோடு எந்த நிலையில் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்வது மறக்கக்கூடாத விஷயம். திரும்பப் பூட்டும்போது ஊசி அதே அளவு திருகப்பட்டிருக்க வேண்டும். ரைபிளோடு வரும் பழைய ராணுவக் கருவியில் 75, 95 என்று குறித்த இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஊசி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையில் அந்தக் கருவியைப் போல்ட் முகப்பில் வைத்து நகர்த்துங்கள். 75-இல் முனை தட்ட வேண்டும், 95-இல் தட்டாமல் கடக்க வேண்டும். அதிகம் நீண்டால் தோட்டாவின் பிரைமரை (ஊசி தட்டியதும் பற்றும், அடியிலுள்ள சிறு மூடி) துளைத்துவிடும், குறைந்தால் தோட்டா வெடிக்காது.

போல்ட்டின் உள்துளையில் பஞ்சுக்குச்சி வெள்ளையாக வெளியே வரும்வரை விடாதீர்கள். மோசினில் இங்கே கிரீஸ் இருந்தால் ஊசி மந்தமாகி, தோட்டா வெடிக்காமல் போகும். யூகோஸ்லாவியாவின் எம்59/66 உள்ளிட்ட பெரும்பாலான எஸ்கேஎஸ் ரைபிள்களில் (சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் சோவியத் வடிவமைப்பு) கதை வேறு. அவற்றின் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது, துளைக்குள் தளர்வாக ஓடும். உறைந்த கிரீஸில் அது முன்னே நீண்டபடி சிக்கிக்கொண்டால், போல்ட் மூடும் வேகத்திலேயே விசையைத் தொடாமல் தோட்டா வெடிக்கும். அடுத்தடுத்த தோட்டாக்களும் வெடிக்கக்கூடும். எஸ்கேஎஸ் வைத்திருப்பவர் போல்ட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஊசி ‘கடகட’ என்று தாராளமாக ஓடினால் சரி. ஓசை இல்லையென்றால் மறுபடி ஊறவையுங்கள்.

அடுத்தது தோட்டா அறை. மோசின் வாங்கிய பலரும் சொல்லும் குறை, சில தோட்டாக்கள் சுட்டதும் போல்ட்டைத் தூக்கவே முடியவில்லை, சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கிறது என்பது. ரைபிள் பழுது என்று முடிவு கட்டுமுன் தோட்டா அறையைப் பாருங்கள். அங்கே படிந்த மெல்லிய கிரீஸ் படலம் சூட்டில் பசையாகி, தோட்டாக்கூட்டைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் காரணமாக இருக்கும். வெண்கல பிரஷில் ஒரு துணித்துண்டைச் சுற்றி, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, அறைக்குள் விட்டுக் கையால் நன்றாகச் சுழற்றுங்கள். எஃகு பிரஷ் கூடாது.

குழலைத் தோட்டா அறைப் பக்கத்தில் இருந்துதான் துடைக்க வேண்டும். முனைப் பக்கத்தில் இருந்து கம்பியை விட்டால் குண்டு வெளியேறும் விளிம்பு தேயும், குறி தவறும். சோவியத் கிடங்குகளில் செப்பனிடப்பட்ட சில ரைபிள்களில் முனையை உட்புறமாகச் சற்று அகலமாகக் குடைந்திருப்பார்கள். அந்தக் குழியில் கிரீஸ் தங்கியிருக்கும், பஞ்சுக்குச்சியால் எடுங்கள். கடைசியில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குழல் முழுவதும் தெளிவாகத் தெரிய வேண்டும். அடைப்புள்ள குழலில் சுட்டால் குழலே வெடிக்கக்கூடும்.

ஐந்தாம் படி: மரம்

மரத்தை நீரிலோ கரைப்பானிலோ முக்கக்கூடாது. சோவியத் நாட்டில் செப்பனிட்ட மோசின்களின் கட்டையில் அரக்குப் பூச்சு இருக்கும். ஆல்கஹால் கலந்த எதுவும் பட்டால் அது கரையும், நீராவி பட்டால் வெளுக்கும், சுமார் 75 டிகிரியில் இளகும். மினரல் ஸ்பிரிட் அதை ஒன்றும் செய்யாது.

வெயில்தான் இங்கே சிறந்த கருவி. மரப்பாகங்களைச் சமையலறைக் காகிதத்தில் சுற்றி, கறுப்புப் பைக்குள் இட்டு, கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் வையுங்கள். மூடிய காருக்குள் 60 டிகிரி எளிதில் வந்துவிடும். அரக்குப் பூச்சுள்ள கட்டையைக் கண்ணாடிக்கு அடியில் வைக்காமல் பின்னிருக்கையில் வையுங்கள், இல்லாவிட்டால் காகிதம் ஒட்டிக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை திறந்து, ஊறிய காகிதத்தை மாற்றுங்கள். காரில் வைப்பது மரம் மட்டுமே. அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கிடப்படுவது ரிசீவர், அதாவது குழல் பொருந்தியிருக்கும், போல்ட் ஓடும் இரும்பு உடல். அது வீட்டில் பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

காகிதம் கறைபடாமல் வரும்வரை இதைத் தொடருங்கள். யூகோஸ்லாவிய ரைபிள்களின் மரம் கிரீஸை ஏராளமாகக் குடித்திருக்கும், பல நாள் ஆகும். பிடிவாதமான இடங்களில் சுண்ணக்கட்டித் தூளை மினரல் ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் துடைத்தால் உள்ளிருக்கும் எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். சமையலறை ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டும் வேண்டாம். ஒன்று மரத்தில் விரிசல் விழச் செய்யும், மற்றது வீங்கச் செய்யும்.

உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். மரத்தில் பதிந்த தொழிற்சாலை முத்திரைகளும் கிடங்கு முத்திரைகளும்தான் சேகரிப்பவருக்கு அந்த ரைபிளின் வரலாறு. தேய்த்தால் போனது போனதுதான்.

பூச்சில்லாத மரமாக இருந்தால் இறுதியில் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவலாம். அந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

திரும்பப் பூட்டுவதும் அதன் பிறகும்

எடுத்த படங்களைப் பின்னிருந்து பார்த்துக்கொண்டே பூட்டலாம். போல்ட் தடையின்றி ஓடுகிறதா, விசை இயங்குகிறதா என்று வெறுமனே சோதியுங்கள். சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பாளரிடம் தோட்டா அறையின் அளவைச் சரிபார்க்கச் சொல்வது நல்லது. கிரீஸுக்கு அடியில் என்ன இருந்தது என்பது அவருடைய அளவுகோலுக்குத்தான் தெரியும்.

பயன்படுத்திய மினரல் ஸ்பிரிட்டைக் கொட்டிவிடாமல் மூடிய பாட்டிலில் நிறுத்தி வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த ரைபிளுக்குப் பயன்படுத்தலாம். கசடை உள்ளூர் நிர்வாகத்தின் அபாயக் கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

முதன்முறை சுட்டுக் குழல் சூடானதும் மரத்தின் விளிம்புகளில் மறுபடி பழுப்பு நிறத்தில் வியர்க்கும். பயப்பட வேண்டாம். துணியை உடன் எடுத்துச் சென்று அங்கேயே துடைத்துவிடுங்கள். சில கோடைகளுக்கு அப்படித்தான் இருக்கும்.