படத்தில் சுவர் வரைந்தால் சத்தம் நிற்காது: 9 பேருக்கு ஒரு மெய்நிகர் அலுவலகம்

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பதும் கேட்லாக் தயாரிப்பதும் எங்கள் வேலை. மொத்தம் 9 பேர். என்னையும் சேர்த்து 7 பேர் சேலத்தில் ஆளுக்கொரு மூலை. கணக்குப் பார்க்கும் அக்கா ஓமலூர். டிசைனர் அண்ணா ஏற்காட்டில், நாகலூர் பக்கம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித் தினம் வாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீடியோ காலில் எல்லோரையும் உட்கார வைத்தால் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் "இந்தச் சலங்கை கொஞ்சம் பெரிசா இருக்கோ?" என்று கேட்கிற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. அதற்காகத்தான் இதைக் கட்டினேன். திரையில் ஒரு அலுவலகப் படம், அதில் அவரவர் பொம்மை நடக்கும். ஒருவர் பக்கத்தில் போனால் அவர் குரல் கேட்கும், விலகினால் நின்றுவிடும்.

முப்பரிமாணம் வேண்டுமா என்று முதலிலேயே கேட்பீர்கள். வேண்டாம். பழைய லேப்டாப்பில் அது மூச்சு வாங்கும். அந்த வகையில் பலரும் நம்பியிருந்த மொசில்லா ஹப்ஸ் சேவையும் 2024 மே மாதக் கடைசியில் மூடப்பட்டது. நான் பயன்படுத்துவது ஒர்க்அட்வென்ச்சர். மூல நிரல் எல்லோரும் பார்க்கக் கிடைக்கும் மென்பொருள், உலாவியிலேயே ஓடும். படம் வரைய டைல்டு, அதுவும் இலவசம். இப்போது உலாவிக்குள்ளேயே பகுதிகள் வரையும் வசதியும் வந்திருக்கிறது, ஆனால் எனக்கு டைல்டுதான் கைப்பழக்கம்.

படக் கோப்புகளை இணையத்தில் வைக்கக் கிட்ஹப் தளத்தில் கணக்கு திறப்பது, ஒர்க்அட்வென்ச்சரின் தொடக்கத் தொகுப்பை உங்கள் கணக்குக்கு நகலெடுப்பது எல்லாம் பத்து நிமிட வேலை, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் காகிதம்

டைல்டைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் யார் பேச்சு யாருக்குக் கேட்க வேண்டும், யாருக்குக் கேட்கக் கூடாது என்று வட்டம் போடுங்கள். நான் இதைச் செய்யாமல் நேரே படம் வரைய உட்கார்ந்தேன். திண்ணை, முற்றம், பின்னால் பட்டறை, வெளியே ஒரு சந்து என்று 100க்கு 80 கட்டத்தில் ஒரு வீட்டையே கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 9 பேரும் அதில் தொலைந்து போனார்கள், ஒருவரை ஒருவர் தேடி நடப்பதே வேலையாகிவிட்டது. இப்போது இருப்பது 30க்கு 20. 9 பேருக்கு இதுவே தாராளம்.

படம்

கட்டம் ஒவ்வொன்றும் 32க்கு 32 பிக்சல். படத்துண்டுத் தொகுப்பைச் சேர்க்கும்போது 'எம்பெட் இன் மேப்' என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். சுவர், மேசைத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து 'கொலைட்ஸ்' என்ற பண்பைச் சேர்த்து டிக் செய்தால் பொம்மை அவற்றின் ஊடே நடக்காது. நாற்காலிக்கு அதைப் போடாதீர்கள், அப்புறம் யாரும் உட்கார முடியாது.

அடுக்கு வரிசையில் 'ஃப்ளோர்லேயர்' என்று ஒன்று இருக்கும். அதற்குக் கீழே இருப்பவை காலடியில் தெரியும், மேலே இருப்பவை தலையை மறைக்கும். திண்ணைக் கூரையை நான் கீழே வைத்துவிட்டதால் டிசைனர் அண்ணா இரண்டு நாள் ஓட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

'ஸ்டார்ட்' அடுக்கில் நிரப்பும் கட்டத்தில்தான் எல்லோரும் வந்து இறங்குவார்கள். நான் அதைத் தட்டுவடை செட் கடை ஒன்று வரைந்து அதன் முன்னால் வைத்தேன். வருகிறவர்கள் அங்கேயே இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் மேசைக்குப் போகிறார்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது.

சத்தம்: இங்கேதான் நான் விழுந்தேன்

சுவர் ஆளைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவர் ஒட்டி நின்றால் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பேச்சு தொடங்கிவிடும். மென்பொருள் பார்ப்பது தூரத்தை மட்டும்தான். ஆகவே ரகசியம் பேசும் அறைக்குச் சத்தத்தின் எல்லையைத் தனியாக வரைய வேண்டும்.

ஆப்ஜெக்ட் அடுக்கில் அறை அளவுக்கு ஒரு செவ்வகம் வரையுங்கள். அதன் கிளாஸ் 'ஏரியா'. பிறகு 'ஜிட்சிரூம்' என்ற பண்பைச் சேர்த்து அறைக்கு ஒரு பெயர் கொடுங்கள். பண்பின் பெயரை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும், நடுவில் வரும் ஆர் மட்டும் பெரிய எழுத்து. உள்ளே நுழைகிறவர்களுக்கு ஜிட்சி என்ற வீடியோ கூட்ட மென்பொருளில் தனி கான்ஃபரன்ஸ் திறக்கும்.

நான் கணக்கு அறைக்கு ஒன்று வரைந்து, அதையே நகலெடுத்து டிசைன் அறையில் ஒட்டினேன். செவ்வகம் நகர்ந்தது, உள்ளே இருந்த பெயர் அப்படியே இருந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை ஒரே படத்தில் ஒரே பெயர் என்றால் ஒரே அறை, இடையில் எத்தனை கட்டம் இருந்தாலும்.

ஒருநாள் சாயங்காலம் நானும் அக்காவும் கணக்கு அறையில் ஒரு பட்டறையின் கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். கண் இரண்டும் கணக்குத் தாளில். ஓரத்தில் புதிதாக இரண்டு முகம் வந்ததைக் கவனிக்கவில்லை. டிசைன் அறையில் அதே பட்டறைக்காரருக்கு அண்ணா புது மாடலைக் காட்ட வந்திருக்கிறார். "தம்பி, நீங்க பேசறதெல்லாம் இங்க கேக்குதுங்க" என்றார் பட்டறைக்காரர், ரொம்ப மரியாதையாக. அந்த மாதம் கூலி குறையவில்லை.

சரி, பாடம் எளிது: ஒட்டிய கையோடு பெயரை மாற்றுங்கள். பிறகு இரண்டு உலாவிச் சன்னல் திறந்து, இரண்டு அறையிலும் ஒவ்வொரு பொம்மையை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். மாற்றத்தைக் கிட்ஹப்பில் ஏற்றியவுடனே தெரியவில்லை என்றால் சில நிமிடம் பொறுத்து, உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை (கேஷ்) அழித்துத் திறக்கவும். நான் பழைய படத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

எத்தனை பேருக்கு அறை தேவை?

அறைக்கு வெளியே பொம்மைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உருவாகும் பேச்சு வட்டத்துக்குக் குமிழ் என்று பெயர். அதில் எங்களுக்கு 4 பேருக்குத்தான் இடம். காரணம் இருக்கிறது. குமிழில் ஒவ்வொருவரின் வீடியோவும் மற்ற ஒவ்வொருவருக்கும் நேராகப் போகும். 4 பேர் என்றால் உங்கள் இணைப்பு 3 தடவை அனுப்ப வேண்டும், 9 பேர் என்றால் 8 தடவை. ஜிட்சி அறையில் கூட்டம் கூடினால் ஒருமுறை சர்வருக்கு அனுப்பினால் போதும், அது மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். மலை மேல் அப்லோடு வேகம் குறைவு என்பதால் இது அண்ணாவுக்குப் பெரிய வித்தியாசம். வாரக் கூட்டத்தைக் கடை முன்னால் வைக்காமல் அறைக்குள் வைப்பது அதனால்தான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: "அறையைக் கடந்து போனாலே மீட்டிங்கில் மாட்டிக்கொள்கிறோம், என்ன செய்வது?" எனக்கும் நடந்தது, எழுத மறந்துவிட்டேன். அதே செவ்வகத்தில் 'ஜிட்சிட்ரிக்கர்' என்ற பண்பைச் சேர்த்து, மதிப்பாக 'ஆன்ஆக்ஷன்' கொடுங்கள். டி மட்டும் பெரிய எழுத்து. அதன்பின் ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால்தான் உள்ளே இழுக்கும்.

இன்னொருவர், வேலையில் மூழ்கியிருக்கும்போது யாரும் வந்து பேசாமல் இருக்க வழி உண்டா என்றார். உண்டு. 'சைலன்ட்' என்ற பண்பை டிக் செய்த ஒரு பகுதி வரையுங்கள், அதில் நிற்பவரோடு பேச்சு தொடங்காது. எங்கள் படத்தில் அது கிணற்றடி. மாத முடிவில் அக்கா அங்கேதான் நிற்கிறார்.