போயாவுக்குப் போயா ஒரு வாசிப்புக் கணக்கு

வாசித்து முடித்த நூல்களை மாதத்துக்கு ஒருமுறை தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் சில வரிக் குறிப்பும் ஒரு மதிப்பீடும் எழுதி நண்பர்களுக்கு அனுப்பும் வழக்கத்தைத் திருகோணமலையில் நானும் வேறு சிலரும் சில வருடங்களாகக் கைக்கொண்டு வருகிறோம். தொடக்கத்தில் நாங்கள் அனுப்பியவை வெறும் பட்டியல்கள்தாம்: நூலின் பெயர், ஆசிரியரின் பெயர், பக்கத்தில் மூன்றோ நான்கோ நட்சத்திரம். அந்தப் பட்டியலை நம்பி ஒருவர் புத்தகம் வாங்கி ஏமாந்தால் அவருடைய பணமும் போகிறது, வேலை முடிந்து வந்து அவர் மிச்சம்பிடித்த ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளும் போகின்றன. இதை உணர்ந்த பிறகுதான் எழுதும் முறையை மாற்றினோம். நட்சத்திரம் எத்தனை என்பதைவிட, அதை இட்டவர் எந்த நிலையில் இருந்து வாசித்தார், நூல் எந்தப் பக்கத்தில் அவரைப் பிடித்துவைத்தது, எந்தப் பக்கத்தில் கைவிட்டது என்பவையே படிப்பவருக்கு உதவுகின்றன. கீழே சொல்லும் முறை முழுவதும் அதற்காக உருவானது.

முதலில் கணக்கை எந்த நாளில் முடிப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாதத்தின் கடைசி நாள் பெரும்பாலும் வேலை நாளாக வருகிறது. கட்டணங்கள், பிள்ளைகளின் வகுப்பு என்று அன்றைக்கு வேறு கணக்குகள் காத்திருக்கும். ஆகவே நான் போயாவிலிருந்து போயாவரை, அதாவது ஒரு பூரணை நோன்மதி தினத்திலிருந்து அடுத்ததுவரை, எண்ணுகிறேன். ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைவரை 29 அல்லது 30 நாள். நோன்மதி தினம் நாடு முழுவதற்கும் விடுமுறை. காலையில் இரண்டு மணி நேரம் இருந்து எழுதினால் வேலை முடிந்துவிடும். வருடத்துக்கு 12 தொகுப்புகள் வரும், சில வருடங்களில் 13 வரும்.

அடுத்தது கொப்பி. கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்பவர்கள் அப்படியே செய்யலாம். எனக்கு ஒற்றை றூள் சீ.ஆர். கொப்பிதான் கைக்கு வசதி. ஒரு நூலுக்கு ஒரு பக்கம். நூலை முடித்த அன்றே, கூடுமானால் அதை மூடிவைத்த கையோடு, அந்தப் பக்கத்தை நிரப்பிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் கதை நினைவில் இருக்கும், ஆனால் எந்த இடத்தில் சலித்தது, எந்த வசனத்தில் நின்று திரும்பி வாசித்தோம் என்பவை மறந்துபோகும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு, பக்கங்கள், எங்கே கிடைத்தது, தொடங்கிய நாள், முடித்த நாள் ஆகியவற்றோடு, வாசித்த காலத்தில் உங்களுக்கு இருந்த நிலையையும் குறியுங்கள். என் கொப்பியில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு எழுதியிருந்த குறிப்பை அப்படியே தருகிறேன்:

"14 கதைகள், 168 பக்கம், இரண்டாம் பதிப்பு. பொதுநூலகத்தில் எடுத்தது, 18ஆம் திகதி திருப்பிக் கொடுக்க வேண்டும். செவ்வாய் தொடங்கி ஞாயிறு முடித்தேன். 3ஆம் கதையை இரண்டு முறை வாசித்தேன். 9, 10, 11 மூன்றும் ஒரே கதை போல இருந்தன. அன்றைக்குத் தலையிடி."

அந்தக் கடைசிச் சொல்லை எழுதியிராவிட்டால் நான் அந்த எழுத்தாளருக்கு அநியாயம் செய்திருப்பேன். தொகுப்பை எழுத உட்கார்ந்த நாளில் அந்தச் சொல் கண்ணில் பட்டதால், நூலைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்த மூன்று கதைகளையும் மீண்டும் வாசித்தேன். மூன்றிலும் வயதான ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து யாரையோ எதிர்பார்க்கிறாள் என்பது உண்மை. ஆனால் ஒருத்தி மகனை எதிர்பார்க்கிறாள், ஒருத்தி கடன்காரனை எதிர்பார்க்கிறாள், மூன்றாமவள் யாருமே வரக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறாள். இந்த வேறுபாட்டின் மேல்தான் அந்த மூன்று கதைகளும் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருந்தன. வாசகரின் களைப்பு நூலின் குறையாகப் பதிவாகிவிடுவது மிக எளிது.

நூலின் உடலமைப்பைப் பற்றியும் எழுதுங்கள். என் பெரியம்மா எழுபது வயதைத் தாண்டியவர்; பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இன்றும் வாசிப்பவர். நான் ஒரு நாவலைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இடைமறித்து, "தம்பி, கதையை விடு, எழுத்து பெரிசோ சின்னனோ எண்டு சொல்லு" என்றார். அதிலிருந்து எழுத்தின் அளவு, தாளின் நிறம், கட்டு பிரிகிறதா, அச்சுப் பிழைகள் வாசிப்பைத் தடுக்கின்றனவா என்பவற்றை ஒரு வரியிலாவது சொல்லிவிடுகிறேன். விலையையும் எழுதலாம், ஆனால் தமிழ்நாட்டுப் பதிப்பென்றால் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் இந்திய ரூபாய் விலையை எழுதாமல், இங்கே கடையில் நீங்கள் உண்மையாகக் கொடுத்த தொகையை எழுதுங்கள்.

பதிப்பு விவரத்தைச் சிலர் வெறும் சம்பிரதாயமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். முதற்பதிப்புக்கும் திருத்திய பதிப்புக்கும் இடையில் அத்தியாயங்களே மாறியிருக்கக்கூடும் என்பதால், நீங்கள் வாசித்தது எது என்று தெரியாவிட்டால் உங்கள் கருத்தோடு மற்றவர் தன் கருத்தை ஒப்பிட முடியாது. மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவரின் பெயரையும், மூலத்திலிருந்து நேரே வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் கட்டாயம் குறிக்க வேண்டும். வசனம் தட்டுத்தடுமாறினால் அது மூல ஆசிரியரின் நடையா, மொழிபெயர்ப்பின் தடுமாற்றமா என்று யோசிப்பதற்கு அந்த ஒரு வரி இடம் கொடுக்கும்.

இனி நட்சத்திரங்கள். ஐந்துக்கு இத்தனை என்று இடும் வழக்கத்தைப் பரவலாக்கிய குட்ரீட்ஸ் என்ற வாசகர் இணையத்தளத்தில் ஒரு நட்சத்திரத்துக்குப் பிடிக்கவில்லை என்றும், இரண்டுக்குப் பரவாயில்லை என்றும், மூன்றுக்குப் பிடித்தது என்றும், நான்குக்கு மிகவும் பிடித்தது என்றும், ஐந்துக்கு அற்புதம் என்றும் பொருள். அங்கே அரை நட்சத்திரம் கிடையாது. ஸ்டோரிகிராப் தளத்தில் கால் நட்சத்திரம்வரை பிரித்து இடலாம். நாமோ பரீட்சைப் புள்ளிகளோடு வளர்ந்தவர்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ் என்று மனதில் பதிந்துபோனதால், மூன்று நட்சத்திரத்தைக் கண்டவுடன் நூற்றுக்கு 60 என்று மாற்றி, வெறும் சி தானா என்று மனம் சோர்கிறோம். இரண்டு நட்சத்திரம் இட்டால் எழுத்தாளரை அவமதித்ததாகக் கருதப்படுகிறது. ஆகவே உங்கள் அளவுகோலின் பொருளைத் தொகுப்பின் தலைப்பிலேயே ஒவ்வொரு மாதமும் எழுதிவிடுங்கள். நான் எழுதுவது இது: ஐந்து என்றால் மீண்டும் வாசிப்பேன், விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வேன், நான்கு என்றால் மற்றவருக்குத் தயங்காமல் கொடுப்பேன், மூன்று என்றால் இந்தப் பொருளில் ஈடுபாடு உள்ளவருக்குக் கொடுப்பேன், இரண்டு என்றால் சில பகுதிகளுக்காக மட்டும் வாசிக்கலாம், ஒன்று என்றால் என் நேரம் வீணானது.

நட்சத்திரத்தை நூல் முடிந்த சூட்டோடு முடிவாக இடக்கூடாது. கொழும்பிலிருந்து திரும்பிவந்த ஒரு பகலில், கல்ஓயாச் சந்தியில் புகையிரதம் நின்றிருந்தபோது ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை முடித்தேன். கண்கள் கலங்கியிருந்தன. வீடு வந்து சேருமுன்பே ஐந்து நட்சத்திரம் என்று மூன்று பேருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அவர்களில் ஒருவர் உடனே நூலை வாங்கி வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதை என்னிடமே தந்தார்; 110ஆம் பக்கத்திலிருந்து 190ஆம் பக்கம்வரை, ஒரே செய்தி திரும்ப வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், 17 கோடுகள். கடைசி நாற்பது பக்கங்களின் வேகம் நடுவில் இருந்த தொய்வை என் நினைவிலிருந்து துடைத்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து முடித்த அன்று பென்சிலால் ஓர் இலக்கம் எழுதுகிறேன். ஏழு நாளின் பின் நூலைப் புரட்டிப் பார்த்து, பேனையால் இன்னோர் இலக்கம் எழுதுகிறேன். இரண்டும் வேறுபட்டால் தொகுப்பில் இரண்டையும் சொல்கிறேன். போயாவுக்கு முந்திய வாரத்தில் முடித்த நூல்களுக்கு நட்சத்திரம் இடாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் நான்கு வருகிறதே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். நமக்குப் பிடிக்கும் என்று எண்ணியே நூலைத் தெரிவுசெய்கிறோம் என்பதால் இது இயல்பு. இதைச் சரிசெய்ய, இலக்கம் இடுமுன் அந்த மாதத்து நூல்களைப் பிடித்த வரிசையில் அடுக்குங்கள். ஆறு நூல்கள் என்றால் ஆறு துண்டுத் தாள்களில் பெயரை எழுதி மேசைமேல் மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தால் போதும். மூன்றாவதாக நிற்பதும் ஐந்தாவதாக நிற்பதும் ஒரே நான்காக இருக்க முடியாது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். அகராதி, சமையல் நூல், தேவைக்கு எடுத்துப் பார்த்த ஆய்வு நூல் ஆகியவற்றை இந்த அடுக்கில் சேர்க்க வேண்டாம். எதற்காகப் பார்த்தீர்கள், தேடியது கிடைத்ததா என்று எழுதினால் போதும்.

மிகக் கடினமான இடம் தெரிந்தவரின் நூல். நம்முடையது சிறிய நகரம். எழுதுகிறவர் நமக்குப் படிப்பித்தவராகவோ, உறவினராகவோ, மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் எதிரே நடந்துவருபவராகவோ இருப்பார். நூல் வெளியீட்டு விழாவுக்குப் போய், சிறப்புப் பிரதி பெற்று, அவரோடு நின்று படமும் எடுத்திருப்போம். அந்த நூலுக்கு எப்படி மூன்று நட்சத்திரம் இடுவது? இதில் நான் கண்ட நேர்மையான வழி, உறவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு நட்சத்திரத்தை முற்றாகத் தவிர்ப்பது. "ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர், வெளியீட்டு விழாவில் பெற்ற பிரதி, ஆகையால் மதிப்பீடு இல்லை" என்று எழுதிவிட்டு, நூலில் என்ன இருக்கிறது, எந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது, எது விளங்கவில்லை என்பதைப் பக்க எண்ணோடு எழுதுகிறேன். பாராட்டை மட்டும் எதிர்பார்த்த ஓர் ஆசிரியர் என்னோடு சில மாதம் பேசவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் ஊர் நூல் என்றாலே நாலரை நட்சத்திரம் என்று ஆகிவிட்டால், உண்மையாகவே நாலரைக்குரிய ஊர் நூல் வரும்போது அதை எவரும் நம்பமாட்டார்கள். அந்த இழப்பு இன்னும் பெரிது.

பழைய நூல்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. நம் ஊரவரான இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வெளிவந்தது. நம் ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' 1895இல் வெளிவந்து, தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பேசப்படுகிறது. இத்தகைய நூலை எடுக்கும்போது ஊர்ப்பெருமை ஒரு நட்சத்திரத்தைத் தானாகவே கூட்டிவிடும். 130 வருடத்துக்கு முந்திய உரைநடையின் கடினம் ஒன்றைக் குறைத்துவிடும். வரலாற்றுப் பெறுமதியை ஒரு பந்தியிலும் வாசிப்பு அனுபவத்தை இன்னொரு பந்தியிலும் பிரித்து எழுதி, நட்சத்திரத்தை அனுபவத்துக்கு மட்டும் இடுங்கள். அச்சில் இல்லாத ஈழத்து நூல்களைத் தேடுவோருக்கு, 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' மின்னூலகத்தில் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் பெரிய உதவி.

குறிப்பு எழுதும்போது "அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்" என்ற வசனத்தை அறவே விலக்குங்கள். எந்த நூலுக்கும் பொருந்தும் வசனம் எந்த நூலையும் அடையாளம் காட்டாது. ஒரு நாவலுக்கு நான் அனுப்பிய குறிப்பு இது: "இடம்பெயர்ந்து ஊர் திரும்பும் மீன்பிடிக் குடும்பம் ஒன்றின் கதை. முதல் 60 பக்கத்தில் பெயர்கள் குழப்பும். உறவுமுறையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு வாசித்தால் தெளியும். கிழிந்த வலையைச் செப்பனிடும் பகுதியில், ஆசிரியர் அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்பது தெரிகிறது. முடிவு அவசரமானது. 5ஆம் அத்தியாயத்தில் ஷெல் வீச்சு விரிவாக வருகிறது. அந்த நாட்களின் நினைவு உங்களை வருத்துமென்றால் அதைக் கடந்து வாசித்தாலும் கதை விளங்கும்." கடைசி வசனத்தை எழுதியதற்காக ஒரு அக்கா என்னைத் தேடிவந்து நன்றி சொன்னார். முடிவைச் சொல்லாமலேயே இவ்வளவும் சொல்ல முடிகிறது.

பாதியில் நிறுத்திய நூல்களை மறைக்காதீர்கள். 300 பக்க நூலில் 84ஆம் பக்கத்தில் நின்றீர்கள் என்றால் அந்த இலக்கத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். நட்சத்திரம் இடுவதற்கு உரிமை இல்லை. நூல்களின் எண்ணிக்கையில் போட்டி வேண்டாம். வாடைக்காலத்து அடைமழையில் எட்டு நூல் முடியும், வேறொரு மாதத்தில் ஒன்றே முடியும். அந்த ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம்.

வரிசைப்படுத்தும்போது வாசித்த ஒழுங்கில் அடுக்காமல், உங்களிடம் சொல்ல அதிகம் இருக்கும் நூலை முதலில் வையுங்கள். பலர் முதல் இரண்டு குறிப்புகளை மட்டுமே ஆறுதலாக வாசிப்பார்கள். கடைசியில் மூன்று வரிக்கு இடம் விடுங்கள்: மதிப்பீடு மாறிய பழைய நூல்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ளியவை, கையில் இருப்பவை. சென்ற போயாவன்று நான் எழுதிய மூன்று வரிகள்: "மாசித் தொகுப்பில் நான்கு இட்ட கட்டுரை நூலுக்கு இப்போது மூன்று; மேற்கோள்கள் பாதியிலேயே வெட்டப்பட்டிருப்பதைப் பிறகு கண்டேன். தள்ளியவை இரண்டு. கையில் இருப்பது ஒரு பயண நூல், 52ஆம் பக்கம். பெரியம்மாவுக்கு ஒரு வரி, எழுத்து பெரிது."