புது கேரக்டரை பேலன்ஸ் செய்வது எப்படி? முதலில் குண்டுகளை எண்ணுங்கள்

நாகர்கோவிலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்கிற ஆன்லைன் ஷூட்டர் கேமில் வலைக்காரன் என்று ஒரு புது கேரக்டரை இறக்கினோம். குளச்சல் பக்கம் வீசுகிற வீச்சுவலையைப் பார்த்து வந்த யோசனை. வலை மேலே விழுந்தால் எதிரியால் நகரவும் முடியாது, சுடவும் முடியாது. வலைக்காரனை அதிக பலமும் இல்லாமல் பலவீனமும் இல்லாமல் எப்படி பேலன்ஸ் செய்தோம் என்பதை எழுதுகிறேன். கேமும் சர்வரும் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: டேமேஜ் (ஒரு அடி எவ்வளவு உயிரைக் குறைக்கும்), ஹெல்த் (மொத்த உயிர்ப் புள்ளி), கூல்டவுன் (ஒரு திறனை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) எல்லாவற்றையும் கோடுக்கு வெளியே ஒரு ஷீட்டில் வையுங்கள், சர்வர் அதைப் படித்துக்கொள்ளட்டும். ஒரு எண்ணை மாற்ற பிளே ஸ்டோருக்கு அப்டேட் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் தாராளமாகப் போதும், இதற்கென்று காசு கொடுத்து எந்த டூலும் வாங்காதீர்கள்.

படி 2: குண்டுகளை எண்ணுங்கள். எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான், அதனால் மெதுவாகப் படியுங்கள். எதிரியின் ஹெல்த் 200, ஒரு குண்டின் டேமேஜ் 34 என்றால் அவன் விழ ஆறு குண்டு வேண்டும். 39 ஆக்கினாலும் அதே ஆறுதான். 40 ஆனதும் ஐந்து. வினாடிக்கு ஐந்து குண்டு பாய்கிற துப்பாக்கியில் முதல் குண்டு உடனே போய்விடும், ஆக ஆறு குண்டுக்கு 1 வினாடி, ஐந்துக்கு 0.8. முழு ஹெல்த்தோடு நிற்பவனிடம் 34க்கும் 39க்கும் நடுவே எவ்வளவு திருகினாலும் ஒன்றும் மாறாது, அடுத்த ஒரே ஒரு புள்ளியில் சண்டையே மாறிவிடும்.

வலைக்கும் இதே கணக்குதான். 1.5 வினாடி கட்டிப்போட்டால் அதற்குள் எட்டு குண்டு பாயும், ஆறே போதும். டெஸ்ட் செய்ய வந்த தூத்தூர் பையன், "அண்ணே, வல விழுந்தா போன கீழ வச்சிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 0.7 வினாடியாக்கினோம். இப்போது நாலு குண்டு, 136 டேமேஜ், மீதி 64 ஹெல்த். ஓடலாம், திருப்பிச் சுடலாம்.

படி 3: ஜோடியாக டெஸ்ட் செய்யுங்கள். அதே 0.7 வினாடியில் இரண்டு பேர் சுட்டால் 272, ஆள் காலி. தனியாகப் பார்த்தால் சாதுவாகத் தெரிகிற கேரக்டர் கூட்டணியில்தான் சுயரூபத்தைக் காட்டும். ஓவர்வாட்ச் என்ற ஷூட்டர் கேமில் 2018 மார்ச்சில் பிரிகிட்டே என்ற கேரக்டர் வந்த பிறகு மூன்று டேங்க் (அடி தாங்குபவர்), மூன்று சப்போர்ட் (கூட்டாளிக்கு ஹெல்த் ஏற்றுபவர்) என்ற அணி போட்டிகளை ஆட்டிப்படைத்தது, 2019இல் ஒவ்வொரு ரோலுக்கும் இரண்டு பேர்தான் என்று விதியே கொண்டுவந்தார்கள். நாங்கள் செய்தது: 100 டேமேஜ் ஏறியதும் வலை அறுந்துவிடும். எத்தனை பேர் சுட்டாலும் மூன்றாவது குண்டில் ஆள் வெளியே.

படி 4: அப்புறம்தான் வெற்றி சதவீதம். 100 ஆட்டத்தில் 57 வெற்றி என்றதும் கேரக்டரைக் குறைக்க ஓடாதீர்கள். 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் அங்கே இங்கே ஆடுவது சகஜம், 1000 ஆட்டமானால்தான் அது 3 அளவுக்கு இறங்கும். முதல் சில நாள் எல்லோரும் பழகிக்கொண்டிருப்பார்கள், அந்தக் கணக்கை நான் சேர்க்கவே மாட்டேன். டோட்டா 2 கேமில் புது ஹீரோவை (கேரக்டரை) வந்த உடனே கேப்டன்ஸ் மோடில் (பெரிய போட்டிகளில் ஆடும் முறை) விடுவதில்லை, நல்ல வழக்கம். ரேங்க் வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

பின்னால் சேர்த்தது: பிங் (செய்தி போனிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) அதிகமானால் வலை நீளுகிறதே என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். உண்மைதான். பிங் 150 மில்லிசெகண்ட் என்றால், வலை முடிந்த செய்தி போனுக்கு வந்து, வலையில் மாட்டியவன் சுட்டது திரும்ப சர்வருக்குப் போவதற்குள் 0.7 வினாடி 0.85 ஆகிவிடும், அதாவது அவனைச் சுடுகிறவனுக்கு ஒரு குண்டு லாபம். வலை விழும்போதே அது முடியும் நேரத்தையும் போனுக்கு அனுப்பிவிடுங்கள், பிங் அளவுக்கு முன்கூட்டியே பட்டனைத் திறந்துவிட்டால் சரியாக வரும். சர்வர் பக்கத்தில் அந்த நேரத்தை மறுபடி சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் ஹேக் செய்கிறவனுக்கு வலையே விழாது.