சுகாதார அதிகாரியின் கருத்தைத் தனிமனித சுதந்திர அளவுகோலால் எடைபோடுவது எப்படி?

சேலத்தில் ஒரு மாநகர் நல அலுவலர் ஒரே கூட்டத்தில் ஐந்து செய்திகளைச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டிகளை மூடி வையுங்கள். திறந்து வைத்தால் அபராதம். ஜவ்வரிசியை வெளுக்க இரசாயனம் கலக்கும் ஆலைகளுக்குச் சீல். தடுப்பூசி போடாதவர்களைக் கடைவீதிக்குள் விடக் கூடாது. குட்காவை அறவே ஒழிக்க வேண்டும். கேட்டுத் திரும்புகிறவர்களில் ஒருவர் அவரை அக்கறையுள்ளவர் என்பார், மற்றொருவர் சர்வாதிகாரி என்பார். இரண்டும் அவரைப் பற்றிய அபிப்பிராயங்களே. அவர் சொன்னவை இன்னும் மதிப்பிடப்படவில்லை.

முதலில் அவர் பேச்சைத் தகவல், அறிவுரை, கட்டளை என மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டியின் தெளிந்த நீரில் முட்டையிடும் என்பது தகவல்; அது சரியா தவறா என்று மட்டுமே கேட்கலாம். தொட்டியை மூடுங்கள் என்பது அறிவுரை. தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைக்கும் சுதந்திரவாதத்துக்கு அதனோடு எந்தச் சண்டையும் இல்லை, ஏனெனில் ஏற்பதும் மறுப்பதும் நம் கையில் இருக்கிறது. அபராதச் சீட்டு வெளியே வரும் இடத்தில்தான் நம் அளவுகோலுக்கு வேலை வருகிறது. பெரும்பாலான விவாதங்கள் இந்த முதற்படியிலேயே குழம்புகின்றன: தகவல் உண்மையாக இருப்பதால் கட்டளையும் நியாயமாகிவிட்டது என்று ஒரு சாராரும், கட்டளை பிடிக்காததால் தகவலே பொய் என்று மறுசாராரும் நினைத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் பின்னது கூடுதல் ஆபத்தானது.

அடுத்து அளவுகோலைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். 1859இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் முன்வைத்த தீங்குக் கொள்கையே பலருக்கும் தொடக்கப் புள்ளி: பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தலாம், அவருடைய சொந்த நன்மை அதற்குப் போதிய காரணமாகாது. கடுமையான சுதந்திரவாதிகள் இதற்கும் அப்பால் சென்று, உடலும் உடைமையும் முழுக்க அவரவருக்கே உரியவை என்பார்கள். எந்தக் கோலால் அளக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், பிடித்த அதிகாரிக்கு ஒன்றும் பிடிக்காதவருக்கு மற்றொன்றுமாகக் கோல் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி ஒவ்வொரு கட்டளையிலும் தீங்கு யாரைச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். என் தொட்டியில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். எனவே தொட்டிக்கான அபராதத்தைக் கடுமையான சுதந்திரவாதியும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஜவ்வரிசி ஆலையின் கதையில் மையமாக இருப்பது ஏமாற்று: என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாதபோது அவருடைய சம்மதம் சம்மதமே அல்ல. ஆனால் ஆலையை மூடுவதற்கு முன் மாதிரி எடுத்துச் சோதித்தார்களா, உரிமையாளர் முறையிட வழி இருக்கிறதா என்று கேட்பதும் அதே கொள்கையின் மறுபாதி. குட்கா வேறு வகை. மெல்லுகிறவரின் வாய்க்குத்தான் முதற்கேடு. ஆகவே வயது வந்தவருக்கான முழுத் தடையை மில்லின் கோல் ஏற்காது, சிறுவர்களுக்கு விற்பதைத் தடுப்பதை ஏற்கும்.

தடுப்பூசியில் நின்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. தட்டம்மை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும்; டெட்டனஸ் தொற்றாது. டெட்டனஸ் ஊசியைக் கட்டாயமாக்க விரும்பும் அதிகாரி ஊசி மறுப்பவரின் நன்மையைத்தான் காட்ட முடியும். தட்டம்மைக்கோ அண்டை வீட்டாரின் நன்மையைக் காட்டலாம். கொரோனா ஊசி வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் இதே கோட்டைத்தான் தொட்டது. யாரையும் ஊசி போட வற்புறுத்த முடியாது என்றது. பொது நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் ஊசி போடாதவர்களால் பரவல் கூடுதலாகிறது என்பதற்குத் தரவு முன்வைக்கப்படாததால், அன்றைய கட்டுப்பாடுகள் அளவுக்குப் பொருந்தவில்லை எனக் கருதியது. எனவே கடைவீதித் தடையைச் சொல்லும் அதிகாரியிடம், இந்த ஊசி பரவலைத் தடுக்கிறதா, எவ்வளவு, எத்தனை காலம் என்று கேளுங்கள்.

தீங்கு உண்டு என்று தெரிந்த பிறகும் வேலை முடிவதில்லை. கையாளும் கருவி தீங்குக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020 செப்டம்பரில் முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் வந்தது, 2022 ஜனவரியில் அது 500 ஆனது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும் ஏற்காடு பேருந்தின் நெரிசலுக்கு அது ஒரு பொருள் தரும். மலைமேல் காப்பித் தோட்டத்தில் தனியே நடப்பவருக்கு அதே விதி என்ன பொருள் தரும்? அதிகாரம் எங்கிருந்து வருகிறது, எப்போது முடிகிறது என்பதும் இங்கேயே கேட்க வேண்டியவை. குட்கா தடைக்கு ஆதாரமான உணவுப் பாதுகாப்புச் சட்டப் பிரிவு ஓராண்டுக்கு மிகாத தடைக்கே இடம் தருகிறது. 2013 முதல் ஆணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தற்காலிக அதிகாரம் நிரந்தரமாவதைக் கவனிப்பது, குட்காவை எவ்வளவு வெறுத்தாலும், இந்த மதிப்பீட்டின் கடமை.

ஒருவரின் கருத்துகளை மொத்தமாக மதிப்பிடும் ஆசை எழும்போது சேலத்துக்காரர்கள் ராஜாஜியை நினைத்துக்கொள்ளலாம். இங்கே வழக்கறிஞராக இருந்து நகரசபைத் தலைவராகவும் ஆனவர், சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். அவரே 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி தொழில் நடத்த எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி கேட்கும் லைசென்ஸ், பெர்மிட் ஆட்சியைத் தாக்கினார். அவரைச் சுதந்திரவாதி என்றோ அல்ல என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்தால் பாதி உண்மை நழுவும். நம் நல அலுவலருக்கும் மொத்த மதிப்பெண் வேண்டாம். ஐந்து செய்திகளுக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதி, ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தகவல் கிடைத்தால் உங்கள் முடிவு மாறும் என்பதையும் குறித்து வையுங்கள். அப்படி எதையுமே எழுத முடியாத வரி இருந்தால், அதை அடித்துவிட்டு அந்தச் செய்தியை முதலிலிருந்து பாருங்கள்.