பச்சையாகப் பறித்த தக்காளியை வீட்டுக்குள் பழுக்க வைப்பது எப்படி: இரண்டு வருடம் சொதப்பிக் கற்றுக்கொண்டது

இலையுதிர் காலம் பாதி கடந்த பிறகு தக்காளிச் செடியைப் பார்த்தாலே வயிறு எரியும். கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும், ஒன்றுகூடச் சிவக்காது. உறைபனி ஒரே ஒரு ராத்திரி இறங்கினால் போதும், காலையில் செடி வெந்த கீரை மாதிரி கறுத்துக் கிடக்கும். காயும் வெயில் பட்டதும் கொழகொழத்துவிடும். அதற்கு முன்னால் பறித்து உள்ளே பழுக்க வைக்க வேண்டியதுதான். முதல் வருடம் நான் போட்டதெல்லாம் அழுகியது, அடுத்த வருடம் போட்டதெல்லாம் சுருங்கியது. மூன்றாவது வருடம்தான் பிடிபட்டது.

1. எப்போது பறிப்பது

வானிலை அறிவிப்பில் 0 டிகிரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்கள் வெப்பமானியை ஆள் உயரத்தையொட்டி வைத்து அளக்கிறார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையையொட்டிய குளிர் அதைவிட சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அறிவிப்பில் 3, 4 டிகிரி என்று பார்த்தால் அன்று மாலையே பறித்துவிடுவேன். தொடர்ந்து பல இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போனாலும் பறிப்பதே மேல். உறைபனி விழாவிட்டாலும் குளிர் உள்ளே ஏறிய காய் பிறகு சரியாகச் சிவக்காது, சீக்கிரம் அழுகும்.

2. பிரிப்பது (என்னைக் கவிழ்த்த இடம்)

எல்லாப் பச்சைக் காயும் பழுக்கும் என்று நினைத்துத்தான் ஏமாந்தேன். முற்றிய காய் மட்டுமே பழுக்கும். பிஞ்சு எத்தனை நாள் வைத்தாலும் பிஞ்சுதான், தோல் சுருங்குமே தவிர நிறம் திரும்பாது. தானாகக் கனியாததைத் தடி கொண்டு அடித்தால் கனியுமா?

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு ரகத்திலும் ஒரு காயைப் பலி கொடுங்கள். கூரான கத்தியால் குறுக்கே நறுக்குங்கள். விதையும் சேர்ந்து இரண்டாக வெட்டுப்பட்டால் அது பிஞ்சு. முற்றிய காயில் விதையைச் சுற்றி வழவழவென்று கூழ் நிரம்பியிருக்கும், கத்தி பட்டதும் விதை நழுவி ஒதுங்கும், வெட்டுப்படாது. இந்த வித்தியாசத்தை ஒருமுறை கையில் உணர்ந்துவிட்டால் வெளியிலிருந்தே தெரியும். முற்றிய காய் அந்த ரகத்துக்குரிய முழு அளவில் இருக்கும். கரும்பச்சை போய் வெளிறி, தோலில் மினுமினுப்பு வந்திருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் லேசாக வெளுத்திருக்கும்.

அடியில் துளி மஞ்சளோ இளஞ்சிவப்போ தட்டியிருந்தால் அது செங்காய். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கொண்டுபோங்கள், தவறாமல் பழுக்கும். ஆக மூன்று குவியல்: செங்காய், முற்றிய காய், பிஞ்சு. கீறல், வெடிப்பு, பூச்சித் துளை உள்ளதை எந்தக் குவியலிலும் சேர்க்க வேண்டாம்.

3. அடுக்குவது

காம்பைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காயைக் குத்திவிடும். (பூசணிக்கு நேரெதிர். அதைக் காம்போடு அறுத்து வைத்தால்தான் தாங்கும்.) மண் ஒட்டியிருந்தால் துணியால் துடையுங்கள். கழுவினால் ஈரம் போக உலர்த்தியே ஆக வேண்டும்.

ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. உள்ளே அழுகுவது கண்ணில் படாது, தினமும் பிரித்துப் பார்க்கப் பொறுமையும் கிடையாது. முட்டை அட்டைதான் என் கட்சி. ஒன்றோடொன்று இடிக்காது, ஒரே பார்வையில் எல்லாம் தெரியும். பிளாஸ்டிக் பை மட்டும் கூடவே கூடாது. முதல் வருடம் அதில்தான் கட்டி வைத்தேன், நாலே நாளில் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பூத்துவிட்டது.

அவசரமென்றால் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றையோ ஆப்பிளையோ கூட வையுங்கள். அவை வெளிவிடும் எத்திலீன் வாயுதான் தக்காளியையும் பழுக்கத் தூண்டுகிறது. அப்போது அட்டைப்பெட்டியில் வைத்து மூடியை லேசாகத் திறந்து விட்டால் போதும்.

4. எங்கே வைப்பது

ஜன்னலோரம் வேண்டாம். பழுக்க வெளிச்சம் தேவையில்லை, பகலில் சூடும் இரவில் கண்ணாடிக் குளிரும் மாறி மாறிப் படுவதுதான் மிச்சம். 18 முதல் 21 டிகிரி வரை உள்ள அறை அலமாரி போதும், முற்றிய காய் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சிவக்கும். 13 டிகிரி என்றால் நாலு வாரம் பிடிக்கும். நான் பாதியை வெதுவெதுப்பான அறையிலும் பாதியைக் குளிர்ந்த அறையிலும் வைப்பேன், ஒரே நாளில் எல்லாம் பழுத்துத் தலையில் விழாது.

இரண்டாவது வருடம் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன், சூடு கூடினால் சீக்கிரம் பழுக்குமே என்று. 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமியான லைகோபீன் சரியாக உருவாகாது என்று அப்போது தெரியாது. மஞ்சளும் ஆரஞ்சுமாக, தோல் சுருங்கிப் போய்க் கிடந்தன. ஃபிரிட்ஜும் ஆகாது, பழுப்பது அப்படியே நின்றுவிடும்.

5. தினமும் பார்ப்பது

மூன்றாவது வருடமும் முழுசாகத் தப்பவில்லை. வார இறுதியில் இலை சிவந்திருக்கும் காட்டுப் பாதையில் நடக்கலாமென்று வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். பிள்ளைகள் பை நிறையச் சருகு பொறுக்கிக்கொண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பி, கதவைத் திறந்தால் புளித்த வாடை. ஒரே ஒரு காய் அழுகிச் சாறு கசிந்து, சுற்றியிருந்த ஐந்தையும் கெடுத்திருந்தது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நிறம் திரும்பியதை முன்னதாகவே எடுத்துத் தனியாக வையுங்கள்.

பின்சேர்க்கை 1: பெட்டியில் வைத்ததெல்லாம் பழுப்புத் திட்டு விழுந்து அழுகியதாக இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் திட்டு கெட்டியாக, தோல் சொரசொரப்பாக இருக்கிறது. அது கருகல் நோய் போலத் தெரிகிறது, செடியிலிருந்தே வந்திருக்கும். அப்படிப்பட்ட செடியின் காய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ஒரு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றதோடு சேருங்கள்.

பின்சேர்க்கை 2: குடமிளகாய்க்கும் இதே முறை ஆகுமா? பாதி நிறம் திரும்பியதைப் பறித்தால் மீதியும் திரும்பும். முழுப் பச்சையை நம்பாதீர்கள், அப்படியே சமைத்துவிடுங்கள். கத்தரிக்காய்க்கு இந்தப் பேச்சே கிடையாது.

பின்சேர்க்கை 3: ருசி எப்படி என்று கேட்டவருக்கு: செங்காயாகப் பறித்தது செடியில் பழுத்ததற்குக் கிட்டத்தட்ட ஈடு. பச்சையாகப் பறித்தது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், நான் அதைக் குழம்புக்கு ஒதுக்கிவிடுவேன். இன்றைக்கு என் அட்டையில் பதினொன்று மிச்சம், அதில் நாலுக்கு அடி வெளுத்திருக்கிறது.